எது கேட்டாலும் யெஸ்

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுகிறேன். இங்கே நானும் மகளும் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, வை" என்பீர்கள். கடிதத்தை அப்படிச் சொல்லி நிறுத்த முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, ஆள் வந்து அடைத்துவிட்டான். மகளுக்குச் சளி விட்டுவிட்டது.

இனி உங்கள் நாவல் விஷயம். பழைய வடிவ ஃபைல்களைப் பதிப்பகத்தில் வாங்க மாட்டார்களாம், புது வடிவத்துக்கு மாற்றி வை என்று என் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போனீர்கள். நாவல் இருக்கும் ஒரே பென் டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை டைப்பிங் கடைக்குப் போய், மாற்றித் தரும் மென்பொருளை அதில் ஏற்றிக்கொண்டு வந்தேன். யாரையும் உட்கார விடாத உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன், மன்னிக்கவும்.

முதல் அத்தியாயத்தைக் கொடுத்ததுமே, பழைய ஃபைலை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்டது. உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "எது கேட்டாலும் யெஸ் அமுக்கு. மூளைய கசக்காத, இருந்தாத்தானே கசக்கிறதுக்கு" என்றீர்கள். உங்கள் பக்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சிரிப்புதான், ஆனால் அன்று என் உடம்பே எரிந்தது.

எனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது? சொன்னபடி யெஸ் அமுக்கினேன். திறந்து பார்த்தால் உங்கள் பழைய எழுத்துரு புது வடிவத்தில் ஒட்டவே இல்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வெறும் கட்டம் கட்டமாக நின்றது. உங்கள் கதாநாயகி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லையே! அடுத்த அத்தியாயத்தைக் கொடுத்தேன். கேட்டது. யெஸ். பொய் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு யெஸ்ஸுக்கும் மனசு கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. கடைசி அத்தியாயம் வரை அப்படியே முடித்துவிட்டேன்.

எவனாவது திருடிவிடுவான் என்று மெயிலில்கூட ஒரு நகல் வைக்காதவர் நீங்கள். ஆனாலும் கடவுள் இருக்கிறார். நேற்று டைப்பிங் கடைக்காரர் வாசலுக்கே வந்தார். மென்பொருள் ஏற்றிய அன்றே, ஒரு பாதுகாப்புக்காகப் பழைய ஃபைல்களைத் தன் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்தாராம். பன்னிரண்டு வருட உழைப்பும் ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் அங்கே இருந்தது.

"இடம் பத்தலக்கா. உங்க வேலைதான் முடிஞ்சிருக்குமே, சாரோட ஃபைல அழிச்சிடவா?" என்று கேட்டார்.

எது கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களே. சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கோபம் உங்கள் பிரஷருக்கு ஆகாது. வந்ததும் வராததுமாக, "வேணும்னுதானடி செஞ்ச?" என்று கேட்பீர்கள். அதற்கும் யெஸ்தான்.

நூறு வயது நன்றாக இருங்கள். முதலிலிருந்து எழுத அத்தனை வருடம் வேண்டுமே.

இப்படிக்கு,
சொன்னதை மட்டும் செய்யும்
உங்கள் மனைவி