கப்பலுக்குப் போன எல்லப்பன்

ராயக்கோட்டை
4.8.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, அத்தையின் ஆசீர்வாதம்.

போனில் நீங்கள் பேசுவது எனக்குக் கொரகொரவென்றுதான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். மேகலா ஓசூரிலிருந்து வந்துபோனாள். உங்கள் பிள்ளைகள் சௌக்கியம்.

கம்பெனி டிரெயினிங்குக்கு இங்கிலாந்து போன இடத்தில் என் அப்பன் எல்லப்பனைத் தேடுகிறீர்களாமே! உங்களுக்கு வேறு வேலை இல்லையா? நான் வயிற்றில் இருக்கும்போது பம்பாய் போய்க் கப்பலேறிய ஆள். யுத்த காலம். நான் பிறந்ததை அம்மா தபால்காரரைக் கொண்டு எழுதினாள். பதிலே இல்லை. பொட்டைப்பிள்ளை என்றதும் கைகழுவிவிட்டான். அப்புறம் இந்த ஊரில், அவன் வீட்டில் எங்களுக்கு என்ன மரியாதை? அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தொரப்பள்ளிக்கு, தாய்வீட்டுக்கே போய்விட்டாள். நான் இங்கே திரும்பியதே வாழ்க்கைப்பட்டு வந்தபோதுதான். சாகும்வரை பொட்டும் தாலியுமாகக் காத்திருந்தாள், பைத்தியக்காரி.

அந்த ஆள் எங்கேயோ வேறு குடும்பம் வைத்திருப்பான். எண்பத்திரண்டு வயதில் அதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? விட்டுவிடுங்கள்.

வெங்கடம்மா


கவென்ட்ரி
18.8.2024

அத்தைக்கு வணக்கம்.

திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் விட மனசு வரவில்லை.

லண்டனில் பழைய கப்பல் காகிதங்கள் வைத்திருக்கும் இடத்துக்கு இரண்டு சனிக்கிழமை போனேன். கிருஷ்ணகிரி மாவட்டம் எல்லப்பன் என்று கேட்டால், அப்படி யாருமே இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில்தான் உறைத்தது. அன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் ஏது? நாம் எல்லாம் சேலம் ஜில்லாதானே! நான் ஒரு மடையன். சேலம் என்று மறுபடி கேட்டிருக்கிறேன்.

ஆனந்த்


கவென்ட்ரி
8.9.2024

அத்தைக்கு,

நின்றபடியே படிக்காதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

கிடைத்துவிட்டார். சரக்குக் கப்பலில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பாய்லருக்குக் கரி அள்ளிப்போடும் வேலை. அந்தக் கப்பலை யுத்தத்தில் எதிரிகள் குண்டு போட்டு உடைத்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் ஒரு படகில் பத்தொன்பது நாள், நடுக்கடலில்! பிழைத்து வந்த வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: "படகு ஓட்டை. எல்லப்பன் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார். அவர் கை ஓய்ந்திருந்தால் நாங்கள் யாரும் இல்லை." அத்தை, கடலையே பார்க்காத ராயக்கோட்டை மனுஷன்! நம் கிணற்றில் இறைத்த கை அது. படித்துவிட்டு அந்த மேஜையிலேயே தலைகவிழ்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

கரைக்கு வந்தவர் மறுபடியும் கப்பலேறியிருக்கிறார். 1943 மார்ச் பதினொன்றில் அதுவும் மூழ்கிவிட்டது. அந்தக் கப்பலில் ஒருவரும் மிஞ்சவில்லை. சேதி ராயக்கோட்டைக்குத்தான் வந்திருக்கிறது. 'அந்தப் பெண் இங்கே இல்லை' என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் அப்போது தொரப்பள்ளியில்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கப்பலேறும்போது எழுதிக்கொடுத்த வாரிசுக் காகிதத்தில் முதலில் 'மனைவி கெம்பம்மா' மட்டும். கீழே, வேறு மையில், 1942 மார்ச் தேதியிட்டு, ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'மகள் வெங்கடம்மா, வயது ஒரு மாதம்.' பக்கத்தில் கைநாட்டு. மறுநாள் அந்த முதல் கப்பல் கிளம்பிவிட்டது.

உங்கள் அம்மாவின் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கிறது, அத்தை. நகல் இதோடு வைத்திருக்கிறேன்.

ஆனந்த்


ராயக்கோட்டை
3.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. மேகலா பயந்துபோய் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். எத்தனை வருஷம் எத்தனை வசவு! பாவி நான்.

நேற்று மகாளய அமாவாசை. செத்தாரா இல்லையா என்றே தெரியாதவருக்குப் படையல் போடக்கூடாது என்று இத்தனை காலம் சொல்லிவந்த பங்காளி கங்கப்பனிடம் காகிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் படித்தான். நேரே போய் வாழைத்தோட்டத்திலிருந்து இலை அறுத்து வந்தான்.

அம்மாவுக்கு ஒரு இலை, பக்கத்தில் இன்னொன்று. களி, கீரை, வடை எல்லாம் வைத்தாயிற்று. கூப்பிட்டால்தானே வந்து சாப்பிடுவார்கள்? அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். அடுத்த இலைக்கு முன்னால் வாய் வரவில்லை. என்னவென்று கூப்பிடுவது? பிறந்ததிலிருந்து ஒருநாளும் சொல்லாத வார்த்தை. கங்கப்பன் நிற்கிறான், மேகலா நிற்கிறாள், குழம்பு ஆறுகிறது.

கடைசியில் சத்தமாகவே சொன்னேன், மாப்பிள்ளை.

"அப்பா, சாப்பிட வாங்க."

வெங்கடம்மா