ஆண்டவருக்கு வைத்த முட்டை

செப். 8, திங்கள்

காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. கோழிக் கூடைக்குப் புது வைக்கோல். இதுவரை முட்டையிடாத விடைக்கோழிகள் மூன்றில் கறுப்பி இன்று இட்டுவிட்டது. எலுமிச்சங்காய் அளவு, ஓட்டில் ரத்தக் கீற்று.

முதல் முட்டை ஆண்டவருக்கு. மகள் ஜெபா உண்டானபோது மூன்று கோழிக்கும் சேர்த்து நேர்ந்தது. ஞாயிறு காணிக்கை. அதுவரை கை படாமல் கூடையிலேயே இருக்கட்டும்.

ஜெபாவை ஏழாம் மாதத்துக்குக் கூட்டி வந்து பத்து நாள். மாமியார் வீடும் இதே ஊர்தான், புளியங்குடி ரோட்டில். கூடையை எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, அதப் பொரிச்சுத் தாயேன். கடை முட்டை கவுச்சி அடிக்கு."

"ஞாயித்துக்கெழம தாண்டட்டும் மக்கா."

முகம் சுண்டிவிட்டது. ரத்தம் குறைவு, முட்டை கொடுங்கள் என்று நர்ஸ் எழுதிய சீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

செப். 10, புதன்

கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். தவிடு தீர்ந்தது.

கூடையில் முட்டை இல்லை. ஈர வைக்கோல், ஓட்டுத் துணுக்கு. கறுப்பியின் அலகில் மஞ்சள். இட்ட சவமே தின்றிருக்கிறது.

பக்கத்து வீட்டுச் செல்வி: "ரெண்டு நாளு கூடையிலயே விட்டா மிதிபட்டு ஒடையாதாக்கா? ஒருக்கா ருசி கண்டா விடாது."

நேர்ச்சையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். கோழியைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

செப். 11, வியாழன்

சிவப்பியும் இட்டது. குளித்து ஜெபம் பண்ணிவிட்டு எடுக்கலாம் என்று போய்விட்டேன். திரும்பி வந்தால் மூன்றும் சேர்ந்து கொத்துகின்றன. விளக்குமாற்றால் அடித்தேன். ஜெபா படியில் நின்று பார்த்தாள்.

"கோழி திங்கலாம், நான் திங்கக் கூடாது. அப்படித்தான?"

"வாய மூடுட்டி. ஆண்டவருக்கு உள்ளது அது."

"அவரு கேட்டாரா? நாந்தான கேட்டேன்."

கோபம்தான் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியை வாய்க்கு வந்தபடி வைதேன்.

இரவு அவள் சாப்பிடவில்லை. நானும்.

செப். 13, சனி

புள்ளிக்காரியின் முறை. காலை முதல் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விழுந்த சூட்டோடு எடுத்தேன். ஜெயித்த மாதிரி இருந்தது. அரிசிப் பானைக்குள் வைத்தேன்.

நிமிர்ந்தால் ஜெபா பையோடு நிற்கிறாள். வாசலில் மாப்பிள்ளை, ஆட்டோ. "வாரேன்" மட்டும் சொன்னாள். அப்போதாவது பொரித்துக் கொடுத்திருக்கலாம். பானை இரண்டு எட்டில் இருந்தது. கொடுக்கவில்லை.

செப். 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்கள் ஏலம். வாழைத்தார், பூசணி, ஒரு சேவல். கடைசியில் என் முட்டை. உபதேசியார் தூக்கிக் காட்டியதும் பின்னால் சிரிப்பு. ஏலம் கேட்டது ஒரே குரல், ஜெபாவின் மாமியார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

கைக்குட்டையில் பொதிந்துகொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"எம் மருமவ நேத்துலருந்து முட்டை முட்டைங்கா மைனி. போய்ப் பொரிச்சுக் குடுக்கணும்."

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லமொளகு கொஞ்சமாப் போடுங்க. அவளுக்குக் காரம் ஆவாது" என்றேன்.

"தெரியும் மைனி."