தலைவர் இருப்பது அங்கே

அன்புள்ள ஜோதிமணிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி குறைந்ததா? லீவில் வரும் பாண்டித்துரையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று டூட்டியில் இருந்தபோது உன் ஊராட்சித் துணைத்தலைவர் பாலகுரு போன் செய்தார். "மாப்ளே, சென்னையில ஒரு ஆள் இருக்காரு. எம்.எல்.ஏ.கிட்டப் பேசி நமக்குத் தண்ணித் தொட்டி வாங்கிக் குடுப்பாரு. அந்த ஆளு சம்பளத்தைப் பஞ்சாயத்து நிதியிலேருந்து குடுத்துக்கலாம். தங்கச்சிதான் சட்டத்துல இடமில்லைன்னு கையெழுத்துப் போட மாட்டேங்குது. நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார்.

"தலைவர் அங்கதானே இருக்கு, மச்சான்? கடல் தாண்டிப் புஜைராவுக்கு எதுக்குப் போன் போடுறீங்க?" என்று கத்திவிட்டேன். போர்மேன் "கலாஸ், யல்லா!" என்று அரபியில் விரட்டி, போனைப் பிடுங்கிக்கொண்டு, வெயிலில் எண்ணெய் டேங்க் உச்சிக்கு என்னை ஏற்றிவிட்டான். கவலைப்படாதே, மேலே நல்ல காற்று.

ஊர்ப்பணத்தில் சிபாரிசுக்கு ஆள் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நீ பாலகுருவிடம் சொன்னதுதான் சரி. இடமிருந்தாலும் கையெழுத்துப் போடாதே. நம் ஓட்டில் ஜெயித்தவரிடம் பேச நமக்குக் கூலிக்கு ஆள் எதற்கு? காலிக் குடங்களோடு ஊரையே கூட்டிக்கொண்டு நீயே போய் அவர் வாசலில் நில். என் பேரைச் சொல்லி யார் வந்தாலும் பணியாதே. நானே சொன்னாலும் பணியாதே.

பாண்டித்துரை திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. தலைவர் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றும் பிரிண்ட் போட்டு அனுப்பு. கட்டிலுக்கு மேல் ஒட்ட வேண்டும். போனில் பார்த்தால் போதவில்லை.

கேம்ப் பஸ் ஹாரன் அடிக்கிறது.

ஊராட்சித் தலைவரின் வீட்டுக்காரன்,
வைரவன்