நிமிடத்துக்குப் பதினோரு குமிழி

மார்ச் 4, திங்கள்
காலையிலேயே புழுக்கம். காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து. கொடித் துணியெல்லாம் புகை நாற்றம்.

மீன் தொட்டித் தண்ணீர் சோதனை. ஃபாக்டரி லேபிலிருந்து கொண்டுவந்த நீல மருந்து, இரண்டு சொட்டு. நீலமாகவே நின்றால் கரியமில வாயு போதாது, செடி வளராது. பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் மீனுக்கு மூச்சு முட்டும். இன்றும் நீலம். ஜாடியில் புது வெல்லக் கரைசல், ரொட்டிக்கடை ஈஸ்ட் ஒரு சிட்டிகை. அது நுரைத்து விடும் வாயு ரப்பர் குழாய் வழியே தொட்டிக்குள். நிமிடத்துக்கு 14 குமிழி.

கோயம்புத்தூர் மிஷன் மீன் பண்ணையிலிருந்து கடிதம்! லேப் உதவியாளர் வேலை. தங்க அறை உண்டு. பங்குச் சாமியாரின் நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் பாக்கி, 15ஆம் தேதிக்குள். மூன்று தரம் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். உடனே படபடப்பு வந்து படுத்துவிட்டாள்.

மார்ச் 6, புதன்
காலையில் மஞ்சள். ஏஞ்சல் மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தப்பு என்னுடையது. இருட்டினால் செடியும் கரியமில வாயு விடும். சாயங்காலமே குழாய்க்குக் கிளிப் போட்டு வாயுவை நிறுத்த வேண்டும். நேற்று ஓவர்டைம். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். காலையில் கேட்டால் அவள் பதில்:

"அந்த சனியன நான் தொடமாட்டேன்."

பாதித் தண்ணீர் மாற்றினேன். பிழைத்தன.

எனக்கு முப்பத்தொரு வயது. வீடு, ஃபாக்டரி, கோயில், வீடு. இந்த வீட்டில் இருக்கவே முடியவில்லை. இங்கேயாவது எழுதிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி
சிலுவைப்பாதைக்குப் போனேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காரணம் மாடிப்படியில் தெரிந்தது. கீழ் வீட்டு பவுலின் அக்கா:

"இன்னா லில்லி, தபசு காலத்துல வூட்ல ஊறல் போட்டுகினு கீறியாமே? நாத்தம் படி வரைக்கும் வர்து. போலீஸ் வந்தா எங்க வூட்டு ஆம்பளயத்தான் மொதல்ல இஸ்துகினு போவான்."

சாராயம் காய்ச்சுகிறேனாம். நான்! சிரிப்பு வந்தது, கதவைச் சாத்தியதும் அழுகை. வெல்லமும் ஈஸ்டும் நுரைத்தால் வாயுவோடு கொஞ்சம் சாராயமும் ஊறும். கெமிஸ்ட்ரிப்படி அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். சாமியார் காதுக்கும் போயிருக்கும். இனி எந்த முகத்தோடு சான்றிதழ் கேட்பது?

வாங்க: வெல்லம், ஊதுபத்தி, அம்மா மாத்திரை.

மார்ச் 9, சனி
சாமியாரே வந்துவிட்டார். அம்மா முக்காடு போட்டு முழங்காலில். சாமி ஜாடியை மோந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"இது என்னம்மா?"

விளக்கம் சொன்னால் எடுபடாது. டம்ளரில் நீல மருந்து கலந்து, கண்ணாடிக் குழாயைக் கையில் கொடுத்தேன். "ஊதுங்க சாமி."

ஊதினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகிவிட்டது. ஜாடி விடுவதும் இதே வாயுதான், செடிக்கு என்றேன். "என் மூச்சுலயும் இது இருக்கா!" இன்னொரு டம்ளர் கேட்டார். வாசலில் எட்டிப் பார்த்த பவுலின் அக்கா, "எனக்கும் ஒரு தபா குடேன்" என்றாள். அவளும் ஊதினாள்.

சூட்டோடு சூடாக, வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்றேன். நாளைக்கே தருகிறேன் என்றார். எந்த ஊர் வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீ போட உள்ளே போனேன். அம்மா அவரிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஜெபம் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 10, ஞாயிறு
பச்சை. நி. 11 குமிழி. இதுதான் அளவு. இலையெல்லாம் முத்து முத்தாகப் பிராணவாயு.

பூசை முடிந்து சான்றிதழ் கிடைத்தது. கோயில் முத்திரை, அழகான கையெழுத்து. ஒழுக்கம், உழைப்பு, பக்தி எல்லாம் உண்டு. கடைசி வரி: "விதவைத் தாய்க்கு இவள் ஒருத்தியே துணை. தாயைத் தனியே விட்டு ஒருநாளும் வெளியூர் செல்லாத உத்தம மகள் என உறுதி கூறுகிறேன்."

"அம்மா சொன்னதையும் சேர்த்திருக்கேன்" என்றார் சாமி, சந்தோஷமாக.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நல்லா எழுதிக் குட்த்துகீறாரு பாத்தியா?"

ஸ்தோத்திரம் சாமி என்றேன்.

மார்ச் 11, திங்கள்
வேறு எழுதித் தரச் சொன்னால், அம்மாவை விட்டுப் போகிறேன் என்று நானே பங்கு முழுக்கச் சொன்ன மாதிரி. சான்றிதழை உறையில் போட்டேன். தபால்பெட்டி முன்னால் பத்து நிமிடம். மறுபடி எடுத்துப் படித்தேன். பண்ணை மேனேஜர் இடத்தில் நான் இருந்தால் இந்தப் பெண்ணைக் கூப்பிட மாட்டேன். அவள் அம்மாவோடேயே இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.