எயினியிடம் கேளாது விட்டது

வேங்கைநாட்டில் மழை பொய்யாதிருக்க, கோல் கோடாதிருக்க. கோப்பெருந்தேவி திருமாமணியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அமைச்சன் கீரந்தைச் சாத்தன், வடகரை ஆதுலர் சாலையில் பிணியாளரைப் புரந்துவரும் மருத்துவர் தலைவர் கௌசிகனாருக்கு விடுக்கும் ஓலை.

மனச்சோர்வு தீர்க்குமென மலையினின்று வந்த புதுவேரைத் தங்கள் சாலையிலும் ஆய்ந்தறியப் பணிக்கின்றோம். அதன்முன் தென்கரையில் நிகழ்ந்ததை அறிக.

ஆங்கு மனநோய் மருத்துவராய் இருந்தவர் நல்லாதனார். மகளைப் பறிகொடுத்து ஊணும் உரையும் ஒழிந்து கிடந்த ஓடக்காரர் வல்லனின் மனைவி எயினியின் அருகமர்ந்து, அம்மகளைப் பற்றியே வினவி வினவி, அவளை வாய் திறக்க வைத்தவர் அவரே. புதுவேரின் ஆய்வு தொடங்கிய ஞான்று, அவர் கொடுப்பது எதுவாயினும் பருகுவேன் என அவள் இசைந்தாள். சிலருக்குப் புதுவேர், சிலருக்குப் பழைய கஷாயம் எனக் குடவோலையிட்டுப் பகிர்ந்தனர். யாருக்கு எது என்பதை அவரும் அறியார். மருந்தின் வலிமை ஒன்றே புலப்படல் வேண்டி, எல்லோரிடமும் ஒரே வினாக்களைத்தான் கேட்கலாம் என்று ஆய்வை நடத்திய அவையார் விதித்தனர். அவ்வினாக்களில் மகளைப் பற்றி ஏதுமில்லை.

எயினி மீண்டும் பேச்சொழிந்தாள். அவளை ஆய்வினின்று விடுவிக்க நல்லாதனார் வேண்டினார். இடையில் ஒருவரை நீக்கின் முடிவு பிழைபடும் என அவையார் மறுத்தனர். மனமொவ்வாமலே அவர் பணிந்தார். ஒரு காலையில் எயினியை ஆறு கொண்டது.

ஆய்வு முடிந்து, யாருக்கு எது எனக் குறித்த ஓலையின் முத்திரையை உடைத்தபோது, அவள் பருகியதும் புதுவேரே எனத் தெரிந்தது. பலர் அவ்வேரால் தேறியதும் மெய். அவையார் மகிழ்ந்திருக்க, நல்லாதனார் எழுந்து ஓடக்காரர் வல்லனின் குடிலுக்கு நடந்தே சென்று, நடந்தது யாவும் உரைத்தார். வல்லன் சினந்திலர். அவர் கேட்டதை அவர் சொல்லிலேயே எழுதுகின்றோம்: "கடைசியா அவகிட்ட பேசினது நீங்கதானே ஐயா. எங்க புள்ளயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

தாம் கேட்கவேயில்லை என்றார் நல்லாதனார். அன்றுமுதல் அவர் சாலைக்கு வந்திலர். தேவியார் இருமுறை ஆளனுப்பியும் வந்திலர்.

ஆதலின் ஆணையாவது: பிணியாளர் நலியக் கண்டால், எவரையும் வினவாது அவரை விடுவிக்கும் உரிமை மருத்துவருக்கே உரியது. மருந்து எதுவாயினும், அருகமர்ந்து பேசுதலைத் தடுக்கும் விதி ஏதும் செல்லாது. இதனால் முடிவு தாமதமாகுமாயின் ஆகட்டும், தேவியார் காத்திருப்பார்.

வேங்கைப் பொறி ஒற்றினோம். இவ்வண்ணமே செய்க.