படகுக்குள் கத்தரி

3-2-2025, திங்கள்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் ஜமுனா எழுதுகிறாள். எனக்கு எதுவும் மறப்பதில்லை. நான் சொல்லும் தேதியைத்தான் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுத்தில் இருக்கட்டும்.

மார்கழியில் படகில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இனி மீன் பிடிக்க ஏரிக்குப் போகக் கூடாதாம். மகன் இளவழகனுக்குச் சொந்தப் படகு இருக்கிறது. என்னுடையதை விற்றுவிடலாம் என்றான். "அது மேல கை வெச்சுப் பாரு" என்றேன். கால் தேறியதும் அதில்தான் போவேன். அதுவரை சும்மா உட்கார முடியாது. தோட்டம் போடப்போகிறேன்.

16-2-2025, ஞாயிறு

எங்கள் மண் உப்பு. கீரைகூட மஞ்சளாகிச் சாகும். அதனால் படகையே பாத்தியாக்கிவிட்டேன். கொல்லையில் கட்டைகள் மேல் நிறுத்தி, காட்டூரிலிருந்து வயல் மண் வரவழைத்தேன். கொட்டுமுன் அடியைத் தடவிப் பார்த்தால் மயிரிழை விரிசல். பைபர் படகுக்குப் பூசும் ரெசின் பசை தடவி, துணி ஒட்டி அடைத்தேன். இனி ஒரு பொட்டுத் தண்ணீர் நுழையாது.

பக்கத்து வீட்டு ஆதிகேசவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாண்ணே, படகுல நெல்லு நடப்போறியா?" என்றான்.

"நட்டா உனுக்குச் சோறு கெடையாது."

கால் தேறினால் மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் படகை இறக்கிவிடலாம். ஒரு நாள் வேலை.

9-5-2025

வெயிலில் ஏரியே சுருங்கிச் சேறு நாறுகிறது. படகில் நட்ட என் வெண்டை வாடவில்லை. ஊற்றிய தண்ணீர் படகை விட்டு எங்கே போகும்? அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது எல்லாம் அதற்குத்தான். "குளிக்கிற தண்ணியவாவது உட்டுவைங்க மாமா" என்கிறாள் ஜமுனா. இதை எழுதமாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

12-6-2025

தடியோடு கரை வரை நடந்தேன். திரும்பும்போது மகன்தான் தூக்கிவந்தான். நாளைக்கும் போவேன்.

3-8-2025, ஆடிப்பெருக்கு

கத்தரி நாற்று நட்டு, ஓரத்தில் அவரை ஊன்றினேன். இறால் ஓடுகளை இடித்து ஆட்டுப் புழுக்கையோடு கலந்து போட்டேன். தெருநாய்கள் படகைச் சுற்றியே படுத்திருக்கின்றன.

22-10-2025

தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. படகு விளிம்பு வரை தண்ணீர். கத்தரி பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம். ஏரி நடுவே படகில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன் — டின்னை எடுத்து இறைத்தேன். மண்ணும் சேர்ந்து வந்தது. ஜமுனா குடையோடு நின்று, "எங்க போயினுகீறீங்க மாமா, ஏரியத் தாண்டி ஆந்திராவுக்கா?" என்றாள்.

23-10-2025

இலையெல்லாம் தொங்கிவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் அழுகல் வாடை. என் கையால் அடைத்த அடைப்பு. யாரைச் சொல்ல?

24-10-2025, வெள்ளி

இளவழகனிடம் அவனுடைய பேட்டரி டிரில் மிஷினைக் கேட்டேன். புரிந்துகொண்டான்.

"நைனா, ஓட்ட போட்டா அப்பால இத ஏரில எறக்க முடியாது."

"தெரியும்."

"செடி போனா வேற வாங்கிக்கலாம்."

வாங்கிக்கலாம். காலு? கரை வரைக்கும் போய் வர இன்னும் மூச்சு வாங்குது. எத்தினி நாளு எனக்கு நானே சொல்லினு இருக்கறது, தேறும் தேறும்னு?

படகில் ஓட்டை விழாமல் காத்தே கிழவனானவன் நான். மிஷினை அடிப்பக்கத்தில் வைத்ததும் கை நின்றுவிட்டது. மகன் வாங்க வந்தான். கொடுக்கவில்லை. அழுத்தினேன். கறுப்புத் தண்ணீர் பீறிட்டு முழங்கை வழியே சட்டைக்குள் இறங்கியது. பிறகு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வரிசையாகப் போட்டேன். ஒன்றுகூட அவன் போடவில்லை.

11-11-2025

பாதி செத்தது. பாதி துளிர்த்திருக்கிறது. போதும்.

14-12-2025

நம் கத்தரிக்காயில் கருவாட்டுக் குழம்பு. "லேசா கசக்குது" என்றாள் ஜமுனா. இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

18-1-2026, ஞாயிறு

ஊர்க்கூட்டம். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று சீட்டுப் போட்டார்கள். வழக்கம்போல என் பெயரையும் படித்தார்கள். எழுந்து, "அத எடுத்துடுங்க" என்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆதிகேசவன் கூடவே நடந்து வந்தான். வேலியருகே வந்ததும், "நாளைக்கு இன்னாண்ணே பண்ணுவ?" என்றான்.

அவரை முற்றிவிட்டது, விதைக்குப் பறிக்க வேண்டும் என்றேன்.