சாம்பல் கான்கிரீட் குடிநீர்த் தொட்டியில் இன்னும் அழியாத ‘இடிக்கவும்’

அனுப்புநர்
கோ. பரந்தாமன் (வயது 71),
கட்டட மேஸ்திரி,
கீழ்வன்னிமேடு, பேரணாம்பட்டு வழி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: சாம்பல் கலந்த கான்கிரீட்டை நாள் முதிருமுன் சோதித்துத் தொட்டியை இடிக்க உத்தரவிட்டது – பதிவேட்டைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐம்பத்தாறு நாள் பொறுத்துச் சோதிக்க வேண்டிய கான்கிரீட்டை ஏழாம் நாளே தரமற்றது என்று எழுதி, எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டியை இடிக்க உத்தரவிட்டார் உதவிப் பொறியாளர். தொட்டி இன்று நிற்கிறது. அதில் தண்ணீரும் நிற்கிறது. அந்த நிம்மதியோடுதான் எழுதுகிறேன். அதற்காகப் புகாரைக் கைவிடுவதாக இல்லை.

2. பழைய தொட்டியைச் சாதாரண சிமெண்டில் கட்டியவனும் நானே. தோல் தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணின் உப்பு பதினோரு ஆண்டில் அதன் கம்பிகளைத் தின்றுவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மற்றதைக் கையேடுகளில் படித்துக்கொண்டேன். சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அனல் மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தால் உப்பு எளிதில் உள்ளே இறங்காது. அந்த அளவுக்குச் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடுவது மிச்சம். கரியமில வாயுவும் குறையும். ஒன்றே ஒன்று, மெதுவாகத்தான் இறுகும். இவை யாவும் ஊராட்சித் தீர்மானத்தில் உள்ளன.

3. 3.2.2025 அன்று கான்கிரீட் போட்டோம். ஏழாம் நாள் சோதனையில் வலிமை 12 மெகாபாஸ்கல். தேவை 25. அன்றே வந்த உதவிப் பொறியாளர் ஜீப் சாவியால் சுவரைக் கீறி, “இன்னா மேஸ்திரி, சாம்பல கொட்டி வச்சிருக்கியே, பாத்திரம் தேய்க்கவா?” என்றார். ஊரே சிரித்தது. ஜீப்பின் மேல் ஓர் ஆளை ஏற்றிச் சிவப்பு வண்ணத்தில் ‘இடிக்கவும்’ என்று எழுத வைத்தார்.

4. ஈரம் காய்ந்தால் சாம்பல் கான்கிரீட் வலுப்பெறாது. ஆகவே இடிக்கச் சொன்ன தொட்டிக்கு மேலும் இருபத்தொரு நாள் ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். எதிர்வீட்டு நசீமுன்னிசா, “இடிக்கப் போறத எதுக்குண்ணே நனைக்கிறீங்க? பேஜாரு புடிச்ச வேலை” என்றார். மறுநாள் அவரே ஒரு குடத்தோடு வந்து நின்றார்.

5. அதே கான்கிரீட்டில் வார்த்த மீதிச் சோதனைக் கட்டிகளை எறிந்துவிட உதவிப் பொறியாளர் சொல்லியும் ஆய்வக உதவியாளர் சௌந்தர்யா அவற்றை நீரிலேயே வைத்திருந்தார். இருபத்தெட்டாம் நாள் 24. ஐம்பத்தாறாம் நாள், மார்ச் 31 அன்று, 31. மறுநாள் காலை வந்த இடிப்பு இயந்திரம் அறிக்கையைக் கண்டு திரும்பிப் போனது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

6. ஆயினும் பதிவேட்டில் ‘தரக்குறைவு’ அப்படியே உள்ளது. சுவரில் அந்த எழுத்தும் உள்ளது. அதைப் பார்த்து, எண்பது வீடுகளில் பாதிப் பேர் இன்னும் தொலைவிலுள்ள உப்புக் கிணற்றுக்கே போகிறார்கள்.

எனவே செய்ய வேண்டியவை:

அ) ‘தரக்குறைவு’ என்ற பதிவை உட்கோட்டப் பொறியாளர் நீக்கி, நகலை எனக்கு அனுப்ப வேண்டும்.

ஆ) சாம்பல் கலந்த கான்கிரீட்டை ஐம்பத்தாறாம் நாள் முடிவு வராமல் நிராகரிக்கக் கூடாது என்று தாங்கள் எல்லா ஒன்றியங்களுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இ) ஊராட்சித் தலைவர் வள்ளியம்மாள் சோதனை அறிக்கையைத் தொட்டியருகே ஒட்ட வேண்டும்.

ஈ) ‘இடிக்கவும்’ என்பதை உதவிப் பொறியாளரே, ஊரார் முன்னிலையில், சுவரைச் சுரண்டாமல் வெள்ளையடித்து மறைக்க வேண்டும். ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இடம்: கீழ்வன்னிமேடு
நாள்: 7.4.2025

இப்படிக்கு,
கோ. பரந்தாமன்